அம்பத்தூர் டு பிரிண்டிசி: நம்ம தண்டவாளத்துக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த எபிசோட் ஒரு சண்டையில ஆரம்பிச்சது. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் டிசம்பர்ல இத்தாலி போறதுக்கு ரெண்டு வருஷமா காசு சேர்த்துட்டிருக்கோம். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல ஒரு டீக்கடையில உட்கார்ந்து ரூட் போட்டோம். அவங்க சொன்னது ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். எல்லாரும் போற ரூட். நான் நடுவுல ஒரு ஊரைச் சேர்க்கச் சொன்னேன்: பிரிண்டிசி. "அங்க என்னடா இருக்கு?" என்று கேட்டாங்க. அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல செங்குன்றம் போகலாம். நம்ம அம்பத்தூருக்கு வடக்கே, புழல் ஏரியைத் தாண்டினா வந்துடும் ரெட் ஹில்ஸ். 1837இல் அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் ஒரு ரயில் பாதை ஓடியது. சென்னையில் ரோடு போடக் கல் வேணும். கல் செங்குன்றத்தில் இருந்தது. பாதை போட்டதில் முக்கியமான பெயர் ஆர்தர் காட்டன். காவிரி, கோதாவரி அணைகளோடு நாம் கேள்விப்பட்ட அதே காட்டன்தான். நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனா பெரும்பாலும் வண்டிகளை இழுத்தது விலங்குகள்தான். பயணிகளுக்கான ரயில் இல்லை, சரக்குப் பாதை. பம்பாய் - தாணே ரயில் வந்தது 1853இல்.

இப்போ இத்தாலிக்கு வாங்க. அங்கே முதல் ரயில் ஓடியது 1839 அக்டோபர் 3. நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சி வரை, 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்போ இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. நேப்பிள்ஸ் தனி ராஜ்ஜியம். அதாவது, இத்தாலி மண்ணில் முதல் ரயில் ஓடுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செங்குன்றத்துக் கல் தண்டவாளத்தில் வந்துட்டிருந்தது. ரெண்டும் ஒரே மாதிரி ரயில் இல்லைதான். அவங்களுடையது ராஜா முன்னாடி ஓடின பயணிகள் ரயில், நம்முடையது கல் வண்டி. ஆனா அவங்க அந்தப் பாதை ஓரத்திலேயே, பியத்ரார்சாவில், தேசிய ரயில் மியூசியம் வெச்சிருக்காங்க. நம்ம பாதையைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் சுத்தினேன். என் கண்ணுக்கு ஒரு பலகைகூடத் தட்டுப்படலை.

அடுத்தது 1856. ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது. அந்தப் பாதைதான் இன்னைக்கு நாம அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம்னு போற பாதை. தினமும் ஃபுட்போர்டில் தொங்கிட்டுப் போறோமே, அதுக்கு 165 வயசுக்கு மேல ஆகுது.

இங்கதான் கதை இத்தாலி பக்கம் திரும்புது. அரக்கோணத்திலிருந்து ஒரு கிளை வடமேற்கே ராய்ச்சூர் நோக்கிப் போனது. 1871இல் அது பம்பாயிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்தது. சென்னையும் பம்பாயும் தண்டவாளத்தால் இணைஞ்சது.

இதே காலத்தில் இத்தாலியில் என்ன நடந்தது பாருங்க. ஏட்ரியாட்டிக் கடலோரமாகவே வந்த பாதை 1865இல் பிரிண்டிசியைத் தொட்டது. ரோமிலிருந்து வரும் பழைய ஆப்பியன் சாலை முடிகிற துறைமுகம் அது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870இல் பிரான்ஸ் - பிரஷ்யா போர் வந்ததும், மார்செய் வழியாகப் போயிட்டிருந்த இந்தியத் தபாலுக்கு வேற வழி தேவைப்பட்டது. பிரிண்டிசி பக்கம் திருப்பிவிட்டார்கள். 1871 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தது. அதுக்கப்புறம் லண்டனிலிருந்து பிரான்ஸ், டூரின், பொலோன்யா, பிரிண்டிசி என்று ரயிலிலேயே வரலாம். அங்கிருந்து பி அண்ட் ஓ கப்பல். இத்தாலிக்காரர்கள் அந்த ரயிலுக்கு வெச்ச பேரே 'இந்தியாவின் தபால் பெட்டி' என்ற அர்த்தத்தில்தான். முதல் உலகப்போர் வரை அது ஓடியது. ஜூல்ஸ் வெர்னின் 80 நாள் உலகப் பயணக் கதையில் ஹீரோ வரும் வழியும் இதுதான்.

இப்போ சேர்த்துப் பாருங்க. சென்னையில் தபாலில் போட்ட ஒரு கடிதம் அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம், ராய்ச்சூர் வழியா பம்பாய்க்கு ரயிலில் போகும். அங்கிருந்து கப்பல், எகிப்து, பிரிண்டிசி. திரும்பவும் ரயில், ஏட்ரியாட்டிக் ஓரமா பொலோன்யா, டூரின். நம்ம ஊர்த் தண்டவாளம் இத்தாலித் தண்டவாளத்தோட தொடர்ச்சி, நடுவுல கடல் இருக்கு, அவ்வளவுதான்.

ஆனா போனது யார்? கடிதம் போச்சு, அதிகாரிகள் போனாங்க, காசு இருந்தவங்க போனாங்க. நம்ம ஊர் ஆளுங்க பெரும்பாலும் மூணாம் வகுப்பில் நெருக்கியடிச்சுக்கிட்டு அடுத்த ஊருக்குப் போனாங்க. எங்க தாத்தா முப்பது வருஷம் ஆவடியிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வேலைக்குப் போனவர். பாம்பே மெயில் நிக்காம போறப்ப பிளாட்பாரத்துல ஒதுங்கி நிப்பேன்னு சொல்வார். ஒரு தடவைகூட அதுல ஏறினதில்லை. அரக்கோணம் தாண்டினதே ஒரு முறைதான், திருப்பதிக்கு.

இதைச் சொன்னதும் டீக்கடை அமைதியாயிடுச்சு. அப்புறம் ஒருத்தன் ஃபோனை எடுத்து, "சரி, பிரிண்டிசிக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டான்.

எங்க பிளான் இப்போ இப்படி இருக்கு. ரோமில் இறங்குறோம். அங்கிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ், ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள. ஒரு நாள் பியத்ரார்சா மியூசியம். அப்புறம் பிரிண்டிசி, ஒரு ராத்திரி. மறுநாள் காலையிலேயே வடக்கே பொலோன்யா, கிட்டத்தட்ட 7 மணி நேரம். வலது பக்க ஜன்னல் சீட் பிடிக்கணும். டெர்மோலி தாண்டினா கடல் பக்கத்துலயே வரும். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிடும், அதனால மதிய ரயில் வேண்டாம். பொலோன்யாவிலிருந்து ஃப்ளாரன்ஸ் 40 நிமிஷம், வெனிஸ் ஒன்றரை மணி நேரம். அவங்க கேட்ட ஊர் எதுவும் விட்டுப் போகலை.

நீங்களும் பிளான் பண்றீங்கன்னா மூணு விஷயம். அதிவேக ரயில் டிக்கெட் முன்னாடியே எடுத்தா மலிவு, கடைசி நேரத்தில் எகிறும். உள்ளூர் ரயில்களுக்குக் கட்டணம் மாறாது. ஆனா பேப்பர் டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்தணும், இல்லைன்னா அபராதம். டிசம்பர் 25, ஜனவரி 1 ரெண்டு நாளும் ரயில் குறைவு. அன்னைக்கு ஊர் மாறாதீங்க.

கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு கேப் புக் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆவடியிலிருந்து லோக்கல் ட்ரெயினில்தான் கிளம்புறோம். எதிர்த்திசையில போனாலும் பரவாயில்லை. தாத்தா ஒதுங்கி நின்ன அந்தப் பிளாட்பாரத்திலிருந்து ஏறணும், அவ்வளவுதான்.

உங்க வீட்டுல இந்தப் பாதையில வேலைக்குப் போன பெரியவங்க இருந்தா, அவங்க போன அதிகபட்ச தூரம் எதுன்னு இன்னைக்குக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.