கைப்பேசிக்குள் கன்சோல்

2000-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2-இன் மையச் சிப் ஏறத்தாழ 294 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதைவிடப் பல மடங்கு வேகமான சிப்புகள் கைப்பேசிக்கு வந்து நெடுநாளான பிறகும், அந்தக் கன்சோலின் பெரும்பாலான ஆட்டங்கள் ஆண்ட்ராய்டில் நன்றாக ஓட, 2021 டிசம்பரில் ஏத்தர்எஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர், அதாவது கன்சோலைப் போல நடிக்கும் செயலி, வரவேண்டியிருந்தது. காரணம், வேகம் மட்டும் போதாது. கன்சோலுக்குள் கணக்கிடும் சிப், படம் வரையும் சிப், ஒலிக்கான சிப் என்று பல பாகங்கள் ஒரே தாளத்தில் இயங்கின. எமுலேட்டர் அவற்றின் ஒவ்வொரு கட்டளையையும் ஆட்டம் ஓடும்போதே கைப்பேசிச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரவேண்டும், தாளமும் தப்பக்கூடாது. போதாததற்கு அட்ரினோ, மாலி என்று கிராஃபிக்ஸ் சிப்புகளும் அவற்றின் டிரைவர்களும் போனுக்குப் போன் வேறுபடுகின்றன. சூடேறினால் கைப்பேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இத்தனை தடைகளையும் ஏத்தர்எஸ்எக்ஸ்2 பெருமளவு தாண்டியது. ஆனாலும் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் அதன் வளர்ச்சி நீடித்தது.

கணினிக்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரை அடித்தளமாகக் கொண்டு, புனைபெயரில் இயங்கிய ஒருவர் அதை உருவாக்கி இலவசமாகவே தந்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தவை ஓயாத புகார்கள், அவர் பெயரில் ஆள்மாறாட்டம், கொலை மிரட்டல். 2023 ஜனவரியில் வேலையை நிறுத்திக்கொண்டார். ஆண்ட்ராய்டு பதிப்பின் முழு மூலநிரல் மற்றவர்கள் கையில் இல்லாததால், பின்வந்தவர்கள் வெளியான செயலியையே வெட்டி ஒட்டி நெதர்எஸ்எக்ஸ்2 என்று உயிரோடு வைத்திருக்க நேர்ந்தது. கைப்பேசி எமுலேட்டருக்குப் பெரிய ஆபத்து, அது ஒற்றை ஆளின் தோளில் நிற்பதுதான் என்பேன். மாறாக, 2012-இல் தொடங்கி, மூலநிரலைத் திறந்தே வைத்த பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர் இன்றும் வளர்கிறது.

உண்மையான ஆபத்து சட்டம்தானே என்று கேட்கலாம். எமுலேட்டர் எழுதுவதே குற்றமல்ல என்பதற்கு, எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் 2000-இல் வந்த அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பு துணை நிற்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் ஆட்டங்களை ஆண்ட்ராய்டிலும் ஓட்டிய யூசு எமுலேட்டர் சிக்கியது வேறு இடத்தில். ஆட்டத்தின் பூட்டை உடைக்க உதவியது, ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்கியது, விற்பனைக்கு வருமுன்பே கசிந்த செல்டா ஆட்டம் பத்து லட்சம் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டது என 2024 பிப்ரவரியில் தொடுத்த வழக்கில் நின்டெண்டோ அடுக்கியது. ஒரே வாரத்தில் 24 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கடையில் இருக்கும் ஆட்டத்தைத் திருடுவதற்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. நின்டெண்டோ 3டிஎஸ்-இன் இணையக் கடையும் அதே ஆண்டு மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அந்த 3டிஎஸ் ஆட்டங்களை ஓட்டிய சிட்ரா எமுலேட்டர், யூசுவை உருவாக்கிய குழுவின் கையிலேயே இருந்ததால் யூசுவோடு சேர்ந்து மூடப்பட்டது. சமரசம் அக்குழுவைக் கட்டிப்போட்டது. ஏற்கெனவே பலர் நகலெடுத்திருந்த மூலநிரலை அல்ல. அதிலிருந்து கிளைத்த முயற்சிகள் 2025-இல் அசகார் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன, ஆண்ட்ராய்டுக்கும் வந்தன. பூட்டுள்ள ஆட்டக் கோப்புகளை அசகார் திறப்பதில்லை.