நிக்கோட்டின் பட்டை

நிக்கோட்டின் பட்டை என்பது புகைபிடிப்பதை நிறுத்த முயல்வோர் தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை. இது சிறிதளவு நிக்கோட்டினைச் சீராக ரத்தத்தில் சேர்த்துத் தவிப்பைத் தணிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நஞ்சுக்கு அதே நஞ்சா மருந்து என்ற ஆட்சேபம் எழுவதுண்டு. அடிமைப்படுத்துவது நிக்கோட்டின்தான், ஆனால் புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் முதன்மைக் காரணம் புகையிலுள்ள தாரும் பிற நச்சுகளுமே. பட்டையில் அவை இல்லை. சிகரெட் நிக்கோட்டினைச் சில நொடிகளில் மூளைக்கு ஏற்றுகிறது. பட்டையோ மணிக்கணக்கில் மெல்லக் கசியவிடுவதால் அதற்கு அடிமையாவது அரிது.

இந்தப் பாதுகாப்பு முறையான பயன்பாட்டைப் பொறுத்தது. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர் வழக்கமாக 21 மி.கி. பட்டையில் தொடங்கி, 14, 7 எனச் சுமார் 10 வாரங்களில் குறைத்து நிறுத்துவார். முடியில்லாத உலர்ந்த தோலில், நாள்தோறும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். அதன்மேல் வெந்நீர்ப்பை வைத்தால் மருந்து அளவுமீறி உள்ளிறங்கும். பட்டையால் வரும் கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் படுக்குமுன் கழற்றலாம். கழற்றிய பட்டையிலும் நிக்கோட்டின் மிஞ்சியிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைகளுக்கு எட்டாதபடி எறிய வேண்டும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பட்டையால் பயனில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் அதைத் தொடர்வது அவசியம்.