நயினாதீவின் இருவகைக் கல்வெட்டுக்கள்: வணிகர் வமிசாவளி பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலே 'கல்வெட்டு' என்னுஞ் சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று, தமிழ் வழங்கும் நிலமெங்கணும் அறியப்பட்ட கற்சாசனம். மற்றையது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது உறவினர்க்கும் அயலவர்க்கும் வழங்கப்பெறும் சிறுநூல். இறந்தவரின் குடிமரபு, பிறந்த ஊர், செய்த தொழில், திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தேற்றம் என அதற்கென ஓர் அமைப்பு வழக்கிற் படிந்துள்ளது. புலமையாளர் இவற்றை இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயின், தீவகத்துக் குடும்பங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இவற்றைப் போன்ற சான்று பிறிதில்லை. நயினாதீவு இவ்விருவகைக் கல்வெட்டுக்களுக்கும் உரியது. இரண்டுமே வணிகரைப் பற்றியவை என்பதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முதலாவது கல்வெட்டு நாகபூசணி அம்மன் கோயிற் சூழலில் உள்ளது. பொலனறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழிற் பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து பதிப்பித்த பின்னரே அதன் பொருள் தெளிவாக விளங்கலாயிற்று. பரதேசத்து வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். அரசனுக்கென யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, எஞ்சிய முக்கூறு உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. ஆணையின் சாரம் இதுவே.

சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே ஆணை பிறப்பித்தமை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்காலத்து இந்துமாகடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தை நோக்கின் அதில் வியப்புக்கு இடமில்லை. நாம் கருதவேண்டியது அந்தக் கணக்கையே. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொணரும் வணிகனுக்கு இழப்பு குறைவு. துணியோ வேறு பண்டமோ கொணர்பவனுக்கு இழப்பு அதிகம். அரசின் தேவை எதுவோ அதுவே வணிகனின் உரிமையை அளவிடுகிறது. வணிக மூலதனம் சுதந்திரமான சக்தியாக இயங்கவில்லை. அரசதிகாரத்தின் நிழலில் அதற்கு வேண்டியதை வழங்கும் அளவுக்கே அது பாதுகாக்கப்பட்டது. வணிக மூலதனம் தன்னளவிற் பழைய உற்பத்தி முறையைத் தகர்ப்பதில்லை, பெரும்பாலும் அதனோடு ஒட்டியே வாழ்கிறது என 'மூலதனம்' மூன்றாந் தொகுதியில் மார்க்ஸ் கூறியதற்கு இக்கல் ஒரு சிறிய சான்று. உடையவன் யார், எவ்வூரான், யார் மகன் என்பதொன்றும் கல்லில் இல்லை. அவனுக்குப் பங்கு உண்டு, பெயர் இல்லை.

பெயரின்மை தற்செயலானதன்று. நயினாதீவின் தலக்கதையைப் பார்ப்போம். புளியந்தீவிலிருந்து வாயிற் பூவோடு அம்மனை வழிபடக் கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் தடுத்ததாம். நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றொரு பாறையில் அமர்ந்திருந்தது. அவ்வழியே கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் நாகத்தை விட்டுவிடுமாறு இரந்தான். அம்மனுக்குக் கோயில் எழுப்புவதாயின் விடுவேன் என்றது கருடன், வணிகனும் இசைந்தான். இவ்வணிகனை மாநாய்கன் என்பர் சிலர். சிலப்பதிகாரத்துக் கண்ணகியின் தந்தைக்கும் அதுவே பெயர். ஆனால் மாநாய்கன் என்பது ஒருவனின் இயற்பெயரன்று. கடல்வணிகரின் தலைவன் என்னும் பதவியைச் சுட்டுவது. கோவலனின் தந்தை மாசாத்துவான் தரைவணிகச் சாத்தின் தலைவன் என்பது போலவே இதுவும். ஆக, கோயில் எழுப்பியவனாக நினைவிற் கொள்ளப்படுபவன் ஒரு மனிதனல்லன், ஒரு தொழில்.

மணிமேகலைக் கதை இதனை மேலும் துலக்குகிறது. மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் உளர். அவ்விவாதம் ஈண்டு வேண்டற்பாலதன்று. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழனுக்குப் பெற்ற மகனை மணிபல்லவத்தில் வந்திறங்கிய கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைக்கிறாள். இரவில் அவனது கலம் உடைகிறது, குழந்தை காணாமற்போகிறது, துயருற்ற சோழன் இந்திரவிழாவை மறக்க, புகார் கடல்கொள்ளப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படைக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் இதனையொத்த கதையொன்றை இளந்திரையனின் மரபாகக் கூறுமிடத்து, குழந்தை தொண்டைக்கொடி சுற்றித் திரையால் வந்து சேர்கிறது. அங்கே செட்டியும் இல்லை, கலமும் இல்லை. அரசமரபுக்குக் கடல் வேண்டும், அலை வேண்டும், நாகர்குலப் பெண் வேண்டும். கூலிக்குக் கலம் ஓட்டும் வணிகன் வேண்டா. வமிசாவளி ஆக்கப்படும்போது யார் கழிக்கப்படுவர் என்பதை இதனினும் நேராகக் காட்டும் எடுத்துக்காட்டு நமது மரபில் அரிது.

வணிகர் வமிசம் கூறிக்கொள்ளவே இல்லையா? கூறிக்கொண்டனர், குழுவாக. ஐந்நூற்றுவர் என்னும் பெருங்கணம் தன் மெய்க்கீர்த்தியில் வாசுதேவன், கண்டழி, மூலபத்திரன் ஆகியோரின் வழிவந்ததாகத் தன்னைப் புனைந்துரைத்தது. பொலனறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டு இதனினும் சுவையானது. அங்கே கூலிப்படையினராகிய வேளைக்காரர், வளஞ்சியராகிய வணிகரைத் தம் மூதாதையர் என்று குறிப்பிடுகின்றனர். வாளேந்தியவன் துலாக்கோல் ஏந்தியவனை மூதாதை என்பது குருதியுறவைக் குறிப்பதாகத் தோன்றவில்லை. படிகொடுப்பவன் தந்தையாகும் உறவு அது. நிலவுடைமையாளர் தனித்தனிக் குடும்பமாகத் தம் மரபைப் பேண, வணிகர் கணமாகவே தம் மரபைப் பேணினர் எனலாம்.

யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிய நூல்களை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு வெளிப்படை. கைலாயமாலையும், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்படி மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியதாகக் கொள்ளப்படும் யாழ்ப்பாண வைபவமாலையும், எந்தப் பிரபு எவ்வூரிற் குடியேற்றப்பட்டான் என்பதை நிரல்படுத்துகின்றன. நெடுந்தீவுக்குத் தனிநாயக முதலி என்பது அந்நிரலில் ஒன்று. ஊரும் நிலமும் குடியும் ஒருசேரப் பேசப்படும் இந்நூல்களில் மரபு என்பது நிலத்தின்மீதான உரிமைப் பத்திரமே. நிலத்திற் காலூன்றாதவனுக்கு அதிற் பாடலடி கிடைப்பதில்லை.

இந்த நிலையில் வணிகன் என் செய்வான்? தான் ஈட்டியதைக் கோயிலாக்குவான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஒல்லாந்தர் ஆட்சியில், வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயிலைக் கட்டுவித்த வைத்திலிங்கச் செட்டியார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் தந்தை கோபாலச் செட்டியார். 1795இல் மறைந்த கூழங்கைத் தம்பிரான் அவர்தம் இல்லத்திலே தங்கிக் கல்வி புகட்டினார். செட்டியாரின் பணம் புலவனுக்குச் சோறிட்டது. புலவனின் கல்வி செட்டியாரின் மகனுக்குச் சைவச் சான்றோர் என்னும் மதிப்பைத் தேடித்தந்தது. கோயில் அம்மதிப்பை நிலைநிறுத்திற்று. இரண்டே தலைமுறையில் நிறைவுற்ற மாற்றம் இது. இன்று கோபாலச் செட்டியார் என்ன பண்டம் விற்றார் என்று கேட்போர் எவருமில்லை. கோயிலைக் கட்டியவரின் தந்தை என்பதே அவரது அடையாளம்.

அக்கோயிலிலேதான் 1847 திசெம்பர் 31ஆம் நாள் ஆறுமுக நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிச்சி வழிபாடென இகழ்ந்தவரும் அவரே. செட்டி ஒருவர் எழுப்பிய மேடையில் நின்றவர் செட்டிப்பெண்ணின் தெய்வத்தன்மையை மறுத்தார் என்பது வெறும் முரண்நகையன்று. ஆகமக் கோயிலாக மாறிய வணிகச் செல்வம் ஏற்புடையது. சிற்றூர் மக்களின் வழிபாட்டில் மாறாது நின்ற வணிகப்பெண் ஏற்புடையளல்லள். பின்னர் கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பூண்டன.

ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் பெயர்ந்த வால்ஷ் குடும்பத்தை நோக்குக. நாந்த் துறைமுகத்திலே அடிமை வணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அந்துவான் வால்ஷ் (1703–1763). 1745இல் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டுவர்ட்டை ஸ்கொத்லாந்துக்கு ஏற்றிச்சென்ற கலமும் அவருடையதே. அவர் சகோதரர் 1749இல் லுவார் ஆற்றங்கரைக்கணித்தான செரான் மாளிகையை வாங்கினார். 1755இல் அந்நிலம் கோமகப் பண்ணையாக உயர்த்தப்பட்டது. புலம்பெயர்ந்த அயர்லாந்து வணிகர் பிரான்சிலும் ஸ்பானியாவிலும் உயர்குடி உரிமை பெறுதற்குப் பழங்குடி மரபைக் காட்டும் சான்றிதழ்களைத் தேடிப் பெறுவது அக்கால வழக்கம். அத்தகைய வமிசாவளிகளில் மூதாதையரும் கேடயச் சின்னங்களும் உண்டு. கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டுக் கிடந்தோர்க்கு அங்கு இடமில்லை.

இது எங்கோ நிகழ்ந்த கொடுமை என நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கிறது. அதே சட்டத்தில் அடிமைகளும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் உடைமையாகவே பேசப்படுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல்தான். யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளக் கரைக்குக் கலமேறிச் சென்ற காலம் இது. துறையில் ஏற்றுமதி செய்தவனின் பேரர் தம் குடிமரபை எழுதலாம். தோட்டத்தில் துலாமிதித்து நீரிறைத்தவன், தன் பாட்டனை வேறொருவரின் உடைமைப் பட்டியலிலேதான் தேடவேண்டும்.

தேசவழமையின் வகுப்பு வேறொரு வினாவுக்கும் விடை தருகிறது. தீவகத்து வணிகக் குடும்பங்கள் நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் போன்று பல தலைமுறை நீடிக்கும் நிறுவனங்களாக ஏன் வளரவில்லை? நகரத்தார்க்கு ஒன்பது கோயிற் பிரிவுகள் உண்டு. திருமணந்தோறும் குடும்பம் கோயிலிற் பதிவாகிறது. மரபும் முதலும் ஆண்வழியிலே கட்டிக்காக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலோ வணிகன் தேடிய தேட்டத்தின் பெரும்பகுதி மகளின் சீதனமாக, வீடாகவும் வளவாகவும் நகையாகவும் மருமகன் வீட்டுக்குச் செல்கிறது. சகோதரிக்குச் சீதனம் தேடவே இளைஞன் கடைக்குச் சென்றான் என்பது தீவகத்தில் அனைவரும் அறிந்த செய்தி. கடையின் ஆதாயம் நிலமாகத் திரும்பிற்று; கடை பெருகவில்லை. ஆண்வழி எழுதப்பட்ட வமிசாவளிகள் பெண்வழிச் சென்ற இம்மூலதனத்தைச் சொல்வதில்லை.

இனி இரண்டாவது கல்வெட்டு. இருபதாம் நூற்றாண்டிலே நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆகிய ஊர்களின் மக்கள் தென்னிலங்கை நகரங்களெங்கும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை நடத்தினர். அவர்தம் நினைவாக வெளிவந்த சிறுநூல்களிற் பல ஒரே கதையைக் கூறுவன. பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதிற் கடைக்கு வந்தார். முதலாளியிடம் உண்மையாக உழைத்தார். பின்னர்த் தாமே முதலாளியானார். ஊர்க்கோயிலுக்குத் திருப்பணி செய்தார். சிப்பந்தியாக இருந்த ஆண்டுகளுக்கு ஒரு வரி. திருப்பணிக்கு ஒரு பக்கம். கடைப்பலகையின்மேல் உறங்கிய சிறுவன் முதலாளியாகாது சிப்பந்தியாகவே மடிந்தால் அவனுக்கும் கல்வெட்டு உண்டு. ஆயின் அதில் 'வர்த்தகர்' என்றே அச்சிடுவர். வர்க்கம் மறைக்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்த வரிகளை எழுதிய புலவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. கேட்டவர்க்கு வேண்டியதை அவர் எழுதினார். அவருக்குக் கிடைத்த சன்மானமும் சிறிதே.

1958இலும் 1977இலும் 1983 யூலையிலும் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் கொள்ளையிடப்பட்டு எரிந்தபோது பேரேடுகளும் கொள்முதற் சிட்டைகளும் எரிந்தன. 1990இன் பின்னர் தீவகத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர, வீட்டுப் பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் கடிதங்களும் அழிந்தன. ஒரு கடையின் வரலாற்றை அதன் கணக்கிலிருந்து எழுதும் வாய்ப்பு இவ்வாறு அருகிப்போக, எஞ்சியவை பெரும்பாலும் நினைவு நூல்களே. அவற்றிற் சில இப்பொழுது ரொறன்ரோவிலும் பாரிசிலும் அச்சாகின்றன. நூலகம் நிறுவனம் பலவற்றை எண்மியமாக்கிப் பேணிவருகிறது.

இவற்றைப் பயன்படுத்துவோர் முதலிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரே நகரில், ஒரே தெருவில் கடைவைத்திருந்த முதலாளிகளின் நினைவு நூல்களையும், அவர்களிடம் வேலைசெய்தோரின் நினைவு நூல்களையும் அருகருகே வைத்து, யார் யாரிடம் எவ்வயதில் வந்து எத்தனை ஆண்டு நின்றனர் என்பதைப் பட்டியலிடவேண்டும். உயிரோடிருக்கும் பழைய சிப்பந்திகள் பலர் எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் சம்பளம் எவ்வாறு கணக்கிடப்பட்டது, எப்போது கொடுக்கப்பட்டது, ஊருக்குப் போகும்போது முதலாளி கழித்துக்கொண்டவை எவை என்பவற்றையும் கேட்டு எழுதவேண்டும்.