உணர்ச்சி ஸ்ட்ரூப் சோதனை

உணர்ச்சி ஸ்ட்ரூப் சோதனை: சொல்லின் பொருள் ஒருவரின் கவனத்தை எவ்வளவு ஈர்க்கிறது என்பதை எதிர்வினை நேரத்தால் அளக்கும் உளவியல் சோதனை, தேர்வுக் கவனச் சோதனை வகையைச் சேர்ந்தது. பங்கேற்பவர் சொல்லைப் படிக்காமல், அது அச்சிடப்பட்ட நிறத்தை மட்டும் கூற வேண்டும். 'மேசை' போன்ற நடுநிலைச் சொற்களைவிடத் 'தோல்வி', 'தனிமை' போன்றவற்றுக்கு மில்லிநொடிக் கணக்கில் தாமதித்தால், கவனம் துயரப் பொருளை நோக்கிச் சாய்வதாகக் கொள்வர்.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட நிறச்சொல் சோதனையே இதன் மூலவடிவம். இயன் காட்லிப், டக்ளஸ் மக்கேன் ஆகியோர் 1984இல் இம்முறையை மனச்சோர்வு ஆய்வில் பயன்படுத்தினர்.

மனச்சோர்வு பெண்களிடம் அதிகம் பதிவாகிறது. ஆண்களிடம் அது எரிச்சலாகவோ குடிப்பழக்கமாகவோ வெளிப்பட்டு, வினாப்பட்டியல்களில் தவறிவிடலாம். தன்கூற்றைச் சாராத அளவீடு நாடப்படுவது இதனால்தான். ஆயினும் நிறம் கூறுவதில் பெண்கள் சராசரியாகச் சற்று விரைவானவர்கள். எனவே இருபாலரின் மொத்த நேரங்களை நேரடியாக ஒப்பிடுவது பிழை. ஒரே நபர் நடுநிலைச் சொற்களுக்கும் துயரச் சொற்களுக்கும் எடுக்கும் நேரங்களுக்கிடையிலான வேறுபாடே கணக்கிடத்தக்கது. வயது, கல்வி, மருந்துகள் ஆகியவையும் முடிவைப் பாதிக்கும்.

தனிநபர் அளவில் இதன் நம்பகத்தன்மை குறைவு. நோயறிதல் மருத்துவ நேர்காணலையே சார்ந்தது. இச்சோதனை துணைச் சான்று மட்டுமே.