பெய்தெனவும் கோசரமும்

"மழை பெய்யச் சோளம் விளைந்தது" என்பதில் 'பெய்ய' காரணம். "சோளம் விளைய மழை பெய்தது" என்பதில் 'விளைய' காரியம். அன்னூர் மானாவாரிக் காட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு வருடத்துப் பாடு கிடக்கிறது. இலக்கணத்திலோ 'செய' என்ற ஒரே வாய்பாடு இரண்டையும் சுமக்கிறது. இதைத் தமிழின் சிக்கனம் என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு இது ஓர் இழப்பின் தடயமாகவே படுகிறது. தொல்காப்பியர் சொன்ன ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளில் 'செய்தென' இறந்தகாலத்துக்கு உரியது. 'செய்யியர்', 'செயற்கென' ஆகியவை நோக்கத்துக்கு உரியவை. "மழை பெய்தென விளைந்தது" என்றால் எது முந்தியது என்ற ஐயமே எழாது. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று இங்குள்ளோர் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர் நன்னூலில் பன்னிரண்டு வாய்பாடுகளைத் தருகிறார். 'செய்தென' அதிலும் உண்டு. இன்றைய பேச்சில் 'பெய்தென' இல்லை, 'காண்பான் வந்தான்' என்ற நோக்கப்பொருளும் இல்லை.

சோளம் விளைந்து மழை பெய்யாது, இதில் என்ன குழப்பம் என்று கேட்கலாம். மழைக்கும் பயிருக்கும் உலக அறிவு துணை நிற்கிறது, உண்மைதான். "அவன் போக நான் வந்தேன்" என்பதற்கு அது உதவாது. அவன் போனதால் வந்தேனா, அவனைப் போகவைக்க வந்தேனா, அவன் போகும்போது வந்தேனா? மூன்றும் பொருந்தும். அதனால்தான் பேச்சு தானே வழி தேடிக்கொண்டது. "மழ பேஞ்சதுனால வெளஞ்சுது" என்பதில் 'ஆல்' உருபின் சாயல் காரணத்தைக் கட்டுகிறது. "வெளையறதுக்கோசரம்" என்பதில் நான்காம் வேற்றுமைக் 'கு'வும் 'கோசரமும்' சேர்ந்து நோக்கத்தைக் காட்டுகின்றன. வினையெச்சத்தில் மங்கிய வேறுபாடு வேற்றுமை உருபின் வழியே திரும்பியிருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது, மொழி செய்த பழுதுபார்ப்பைப் பழுது என்று சொல்வதாகும்.

உறவே இல்லாத ஸ்பானிஷிலும் இதே கதை நடந்தது. லத்தீனின் 'பெர்', 'ப்ரோ' இரண்டும் கலந்து 'போர்' என்ற ஒரே சொல்லாயின. காரணமும் நோக்கமும் அதற்குள் நெருக்கியடித்தன. பிறகு 'போர்' உடன் 'ஆ' சேர்ந்து 'போரா' பிறந்தது. எல் சித் காவியத்தில் அந்த வடிவத்தைக் காணலாம். அதுவே 'பாரா' ஆகி நோக்கத்தை ஏற்றது; காரணம் 'போர்' வசம் நின்றது. இது தற்செயல் ஒற்றுமை என்பார்கள். ஒரு சொல் இரண்டு பாரத்தைத் தாங்காதபோது பேசுபவர்கள் பக்கத்தில் இருக்கும் உருபை எடுத்து முட்டுக்கொடுப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அங்கே கைக்குக் கிடைத்தது 'ஆ', இங்கே 'கு'.