வாய்திறவாத நோயின் வரலாறு

இரவில் நான்கைந்து முறை படுக்கையை விட்டெழுந்து, சிறுநீர் வரக் காத்து நிற்கும் முதியவர் இல்லாத ஊரில்லை. வினவினால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைந்துவிடுவார். வயது மட்டுமன்று காரணம். நேயர்களே, மனிதர் சொல்ல நாணும் நோய்களுக்கும் வரலாறு உண்டு. இந்நோயின் வரலாறு கேட்கத் தக்கது.

ஆண்களின் சலப்பைக்குக் கீழே, சிறுநீர் செல்லும் வழியைச் சூழ்ந்து ஒரு சுரப்பி இருக்கின்றது. முன்னிற்கும் சுரப்பி என்பது அதன் பெயர். இளமையில் ஏறத்தாழ 20 கிராம் நிறையுடைய இச்சுரப்பி, ஐம்பது வயதின் பின் பலருக்குப் பருத்து, அவ்வழியை நெருக்குகின்றது. இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. ஆயினும், முற்றும் அடைபட்டால் பொறுக்கவொண்ணா வேதனையும், நாட்பட்டால் சிறுநீரகக் கேடும் விளையும்.

பன்னெடுங்காலம் இதற்கிருந்த துணை குழாய் ஒன்றே. பின்னர் கத்தி வந்தது. இந்திய வைத்திய சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பீற்றர் ஃபிறேயர் என்பார், 1900ஆம் ஆண்டில் லண்டனில் இச்சுரப்பியின் வீங்கிய பகுதியை முழுவதாக அகற்றிப் புகழ்பெற்றார். ஆனால் சத்திரசிகிச்சையைத் தாங்கும் வலிமை எல்லா முதியவருக்கும் உண்டோ?

மருந்துக்கான வழி வேறொரு திக்கிலிருந்து திறந்தது. விதை நீக்கப்பட்ட விலங்குகளில் இச்சுரப்பி சிறுத்திருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜோன் ஹண்டர் கண்டு எழுதியிருந்தார். அதனைப் பின்பற்றி, 1895இல் பிலடெல்பியாவின் ஜே. வில்லியம் வைற், நோயுற்ற முதியவருக்கும் விதை நீக்கத்தைப் பரிந்துரைத்தார். நோயினும் கொடியதான இம்மருத்துவம் நிலைக்கவில்லை. எனினும், ஆண்மை ஓமோனுக்கும் இச்சுரப்பிக்கும் தொடர்புண்டு என்ற உண்மை நிலைத்தது. ஆண்மையை அழியாது சுரப்பியை மட்டும் சுருக்குவது எவ்வாறு என்பதே எஞ்சிய வினா.

அதற்கு விடை தந்தது, கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கே சலினாஸ் என்னும் ஒதுக்குப்புறக் கிராமம். அங்கே சில குழந்தைகள் பெண்களாக வளர்க்கப்பட்டு, பருவமெய்தும் காலத்தில் ஆண்களாகினர். ஊரார் இதை நன்கறிவர். பன்னிரண்டு வயதில் ஆணாவோர் என்று பொருள்படும் பெயரும் இட்டிருந்தனர். அமெரிக்க வைத்திய அறிஞரான ஜூலியான் இம்பெராற்றோ மக்கின்லியும் அவர்தம் துணைவரும் இவர்களை ஆராய்ந்து, 1974இல் தம் முடிபை வெளியிட்டனர். ஆண்மை ஓமோனை மேலும் வலிய ஒரு பொருளாக மாற்றும் நொதியம் இவர்களிடம் குறைந்திருந்தது. வளர்ந்தபின் குரலும் உடல்வலியும் ஆண்மைக்குரியனவாயிருந்தும், முன்னிற்கும் சுரப்பி மட்டும் சிறிதாகவே இருந்தது. ஆகவே, அந்நொதியத்தைத் தடுத்தாற் போதும் என்பது புலனாயிற்று. மேர்க் நிறுவனத்தார் அவ்வழியே ஆக்கிய ஃபினஸ்ரரைட் மருந்து, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதே காலத்தில் ஜெருசலேமில் மார்க்கோ கேய்ன் என்ற சத்திரவைத்தியர் மற்றொரு வழியைக் கண்டார். நெருக்குவது சுரப்பியின் பருமன் மட்டுமன்று. அதிலும் சலப்பையின் கழுத்திலும் உள்ள தசையின் இறுக்கமுமாகும். நரம்பின் ஏவலைத் தடுத்து அத்தசையைத் தளர்த்தும் மருந்தை அவர் 1970களின் நடுப்பகுதியில் பயன்படுத்திக் காட்டினார். அம்முதல் மருந்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி மயக்கம் தந்தது. அக்குறையைக் குறைத்து வந்த ரம்சுலோசின், 1993இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

தளர்த்தும் மருந்து சில நாட்களில் பயன் தரும். சுருக்கும் மருந்துக்கோ ஆறு மாதமேனும் வேண்டும். 3047 ஆடவரைச் சராசரியாக நாலரை ஆண்டு கவனித்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிபு 2003இல் வெளியாயிற்று. இருவகை மருந்தையும் சேர்த்து உண்டோருக்கு, வெறுங்குளிகை உண்டோரிலும், நோய் முற்றும் அபாயம் நூற்றுக்கு 66 வீதம் குறைந்தது.

எனினும், இம்மருந்துகளை உண்போர் அதனை எவ்வைத்தியரிடமும் மறைத்தலாகாது. ஃபினஸ்ரரைட், சுரப்பியின் புற்றுநோயை நாடிச் செய்யும் குருதிப் பரிசோதனையின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ரம்சுலோசின், கண்புரைச் சத்திரசிகிச்சையின்போது கண்ணின் கதிராளியைத் தளரச் செய்து இடர் விளைவிக்கலாம்.

சலினாஸ் மக்கள் தம் பிள்ளைகளின் நிலையை அந்நியருக்குச் சொல்ல நாணியிருந்தால், ஒரு மருந்து பிறப்பதற்கு இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ! இரவெல்லாம் துயிலின்றித் தவிக்கும் நம் வீட்டுப் பெரியவர் தம் துன்பத்தை வைத்தியரிடம் சொல்வதில் என்ன நாணம்? அவர் சொல்லத் தயங்கினால், உடன் செல்லும் மகனாவது சொல்லட்டும்.