முட்டைத் தொங் சுயி

முட்டைத் தொங் சுயி என்பது கோழி முட்டை, நீர், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு ஆக்கப்படும் ஒரு கண்டோனீசு இனிப்பு உணவாகும். சூப்பைப் போல நீர்த்தன்மை கொண்ட இது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் உண்ணப்படுகிறது. தென் சீனாவின் குவாங்டொங் மாகாணம், ஹொங்கொங், மக்காவு ஆகிய இடங்களில் இது வழக்கில் உள்ளது. கண்டோனீசு மக்கள் குடியேறிய மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலும் இதன் சில வகைகள் காணப்படுகின்றன.

இது ஒரே உணவின் பெயரன்று; ஓர் உணவுக் குடும்பத்தின் பெயர் எனலாம். முட்டையை அடித்து ஊற்றுவதா, உடைத்து முழுதாக இடுவதா, அவித்து இடுவதா, வெள்ளைக்கருவை மட்டும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து உணவின் தோற்றமும் சுவையும் பெயரும் மாறுபடுகின்றன.

பெயர்

கண்டோனீசு மொழியில் "தொங்" என்றால் சர்க்கரை, "சுயி" என்றால் நீர். எனவே "தொங் சுயி" என்பதன் நேர்ப்பொருள் "சர்க்கரை நீர்" என்பதாகும். செம்பயறு, பாசிப்பயறு, எள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு முதலியவற்றால் ஆன இனிப்பு நீருணவுகள் பலவும் இப்பொதுப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கோழி முட்டை "கய் தான்" எனப்படுவதால், முட்டை சேர்ந்தது "கய் தான் தொங் சுயி" எனப்படுகிறது. கொதிநீரில் இதழ் இதழாக விரியும் முட்டைக்கு "தான் ஃபா", அதாவது "முட்டைப் பூ" என்று பெயர்.

எளிய செய்முறை

மிக எளிய வகைக்கு இரண்டு முட்டை, ஏறத்தாழ அரை லீட்டர் நீர், 50 கிராம் அளவு கற்கண்டு ஆகியவை போதுமானவை. கற்கண்டுக்குப் பதிலாகப் பழுப்பு நிறக் கட்டிச் சர்க்கரையைச் சேர்ப்பதும் உண்டு. முட்டையின் வாடையைத் தணிக்க ஓரிரு இஞ்சித் துண்டுகளை நசுக்கி இடுவர்.

1. நீரில் இஞ்சியை இட்டுக் கொதிக்க வைத்து, பின்னர் கற்கண்டைக் கரைக்க வேண்டும்.
2. முட்டைகளை ஒரு கிண்ணத்தில் உடைத்து, நுரை எழாதவாறு மெதுவாக அடிக்க வேண்டும்.
3. அடுப்பின் தீயைக் குறைத்து, முட்டையை மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும்.
4. சில நொடிகள் பொறுத்து, கரண்டியால் ஒரே திசையில் மெல்லக் கலக்க வேண்டும்.
5. முட்டை முழுதும் இறுகியதும் இறக்கிச் சூடாகப் பரிமாறலாம்.

இதில் பாலைச் சேர்ப்போரும் உள்ளனர்.

முட்டை இறுகும் முறை

முட்டை வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியசிலும், மஞ்சட்கரு ஏறத்தாழ 65 பாகையிலும் இறுகத் தொடங்குகின்றன. வெப்பத்தால் புரத மூலக்கூறுகள் தம் மடிப்புகள் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆவதே இதற்குக் காரணம். அடித்த முட்டை கொதிநிலையை அண்மித்த நீரில் விழும்போது இம்மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்ந்து, தாரை விழுந்த வடிவிலேயே முட்டை இறுகிவிடுகிறது.

நீர் தளதளவெனக் கொதிக்கும்போது ஊற்றினாலோ, ஊற்றியவுடன் வேகமாகக் கலக்கினாலோ, இறுகும் முன்னரே முட்டை சிதறி நீர் கலங்கிவிடும். நீர் போதிய சூடு இன்றி இருந்தாலும் முட்டை இறுகாமல் நீரில் கரைந்து பரவும். மாவுப்பொருள் சேர்த்துத் தடிப்பாக்கிய நீரில் முட்டை இழைகள் அடியில் தங்காமல் மிதந்து நிற்கும்.

வகைகள்

ஃபூ சுக் முட்டைத் தொங் சுயி: சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏட்டை எடுத்து உலர்த்தினால் கிடைப்பது "ஃபூ சுக்" ஆகும். இதனுடன் கிங்கோ மரத்தின் விதைகளும், பார்லியை ஒத்த ஒருவகைப் புல் மணியும் சேர்த்து, ஏடு கரைந்து நீர் பால்போல் வெளுக்கும்வரை வேக வைப்பர். இறுதியில் கற்கண்டையும் முட்டையையும் சேர்ப்பர். முட்டையை அடித்து ஊற்றுவதும், அவித்து உரித்த கோழி முட்டையையோ காடை முட்டையையோ இடுவதும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் இவ்வகை நன்கு அறியப்பட்டது.

சொங் கெய் சாங் முட்டைத் தேநீர்: இதன் பெயரில் தேநீர் என்று இருப்பினும் தேயிலை சேர்வதில்லை. "சொங் கெய் சாங்" என்பது ஒருவகைப் புல்லுருவிச் செடி. முசுக்கட்டை மரத்தில் ஒட்டி வளர்வது என்பது அப்பெயரின் பொருள். அதன் உலர்ந்த தண்டையும் இலையையும் நீண்ட நேரம் கொதிக்க வைத்து வடிகட்டினால் செம்பழுப்பு நிறச் சாறு கிடைக்கும். அதில் கற்கண்டு, தாமரை விதை, சீன இலந்தைப் பழம், உரித்த அவித்த முட்டை ஆகியவற்றை இடுவர். முட்டையின் மேற்புறம் சாற்றின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும்.

மா தாய் முட்டைத் தொங் சுயி: "மா தாய்" என்பது நீரில் வளரும் ஒருவகைக் கோரையின் கிழங்கு, "குதிரைக் குளம்பு" என்பது அப்பெயரின் பொருள். நறுக்கிய கிழங்கை வேக வைத்து, அதன் மாவைக் கரைத்து ஊற்றித் தடிப்பாக்கி, ஈற்றில் முட்டையைத் தாரையாக ஊற்றுவர். மென்மையான முட்டை இழைகளுக்கு இடையே கிழங்குத் துண்டுகள் நறுக்கென்று கடிபடுவது இதன் சிறப்பு.

வெள்ளைக்கரு ஹங் யான் சா: சர்க்கரைப் பாதாமியின் பருப்பை ஊறவைத்து, அரைத்து, வடித்துக் காய்ச்சிய வெண்ணிறப் பாலில் முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் கலப்பர். பெரும்பாலும் இதனை வாதுமைத் தேநீர் என்று மொழிபெயர்ப்பர். எனினும் மரபு முறையில் பயன்படுவது வாதுமையன்று.

குவான் சுயி தான்: "கொதிநீர் முட்டை" எனப் பொருள்படும் இது, கொதிநீர் உள்ள குவளையில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சர்க்கரை கலந்து அருந்தும் பானம். "சா சான் தெங்" எனப்படும் ஹொங்கொங் தேநீர் உணவகங்களில் இதற்கு "துறவி கடலில் குதித்தல்" என்னும் நகைச்சுவைப் பெயர் உண்டு. உருண்டையான மஞ்சட்கரு, மழித்த தலையுடன் நீரில் குதிக்கும் பௌத்தத் துறவியை நினைவூட்டுவதால் இப்பெயர் ஏற்பட்டது என்பர்.

முட்டையையும் பாலையும் கலந்து ஆவியில் இறுகச் செய்யும் இனிப்பும் தொங் சுயிக் கடைகளில் கிடைக்கும். அது நீருணவு அன்று என்பதால் தனி வகையாகக் கொள்ளத்தக்கது.

உண்ணும் வழக்கம்

தொங் சுயி இரவு உணவின் பின்னரோ, "சியூ யே" எனப்படும் பின்னிரவுச் சிற்றுணவாகவோ உண்ணப்படுகிறது. ஹொங்கொங்கில் இதற்கெனத் தனிக் கடைகள் உள்ளன. எனினும் எளிய முட்டைத் தொங் சுயி கடையைவிட வீட்டிற்கே உரியது. முட்டையும் சர்க்கரையும் எப்போதும் வீட்டில் இருப்பவை. செய்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

மரபுச் சீன மருத்துவத்தில் உணவுகள் வெம்மை, தண்மை என்னும் தன்மைகளால் பிரிக்கப்படுகின்றன. இஞ்சியும் சீன இலந்தையும் சேர்ந்த முட்டைத் தொங் சுயி உடலுக்கு வெம்மையும் ஊட்டமும் தருவதாகக் கருதப்படுவதால், பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கப்படுகிறது. சொங் கெய் சாங் தேநீர் எலும்பையும் தசைநார்களையும் வலுப்படுத்தும் என்றும், கருவை நிலைநிறுத்தும் என்றும் அம்மருத்துவ மரபு கூறுகிறது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் உண்ணப்படும் "கெங் சோ" என்னும் உணவிலும் முட்டை உண்டு. ஆனால் அது இனிப்புக் காடியில் இஞ்சி, பன்றிக்கால், முட்டை ஆகியவற்றை வேக வைப்பதாகும். தொங் சுயி வகையைச் சேராது.

ஊட்டமும் பாதுகாப்பும்

ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. எனவே வெறும் சர்க்கரை நீரைவிட இவ்வுணவு ஊட்டம் மிக்கது. ஆயினும் சேர்க்கப்படும் சர்க்கரையின் அளவு கருத்தில் கொள்ளத்தக்கது.

நலிந்தோர்க்கு உகந்தது எனக் கருதப்படும் இவ்வுணவில், நலிந்தோரே கவனிக்க வேண்டிய சில செய்திகள் உள்ளன. பச்சை முட்டையிலும் அரைகுறையாக வெந்த முட்டையிலும் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். ஆகவே கருவுற்ற பெண்களும், குழந்தைகளும், முதியோரும், நோயுற்றோரும் முட்டை முழுதும் இறுகிய வகைகளையே உண்ண வேண்டும். குவான் சுயி தான் அவர்களுக்கு ஏற்றதன்று. குவளையில் ஊற்றிய கொதிநீர் விரைவில் ஆறிவிடுவதால், முட்டை முழுதும் வேகாது.

கிங்கோ விதையில் உயிர்ச்சத்து பி6 இன் செயலைத் தடுக்கும் ஒரு நச்சுப்பொருள் உண்டு. வேக வைத்தாலும் அது முற்றாக நீங்குவதில்லை. மிகுதியாக உண்டால் வாந்தியும் வலிப்பும் ஏற்படலாம். குழந்தைகளுக்கு இவ்வாபத்து கூடுதலாகும். கசப்பு வகைச் சர்க்கரைப் பாதாமிப் பருப்பிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால், அது சிறிய அளவிலேயே சேர்க்கப்படுகிறது. கருவுற்ற பெண்கள் மூலிகை சேர்ந்த வகைகளை உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இவற்றையும் பார்க்கவும்

- தொங் சுயி
- கண்டோனீசு சமையல்
- சா சான் தெங்
- சோயாப் பால்
- கிங்கோ